நாகசுரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை

திருக்கோயில் வழிபாட்டில் கண்ணுக்கு விருந்தாவன பல. கோபுரமும் விமானமும், அலங்காரமும் தீபாராதனையும் கண்வழியே புகுந்து உள்ளத்தை இறைவன்பால் ஈர்ப்பன. செவிவழியே புகுவன மூன்று. வேத ஒலி ஒன்று. திருமுறை இசை ஒன்று. மங்கல வாத்தியம் ஒன்று. இம்மூன்றனுள் மங்கல வாத்தியத்துக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. அதனை நுகர்தற்கு மொழியறிவு வேண்டுவதில்லை. அதனைக் கேட்டற்குச் சந்நிதியில் வந்து நிற்கவும் வேண்டுவதில்லை. மதிலைக் கடந்து, வீதியைக் கடந்து, வயலில் நிற்பவன் காதிலும் அது சென்று விழும். 1947ஆம் ஆண்டுத் திருக்கோயில் நுழைவுச் சட்டத்துக்கு முன், வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த எளிய மக்களுக்கும் இறைவன் திருமுன் நிகழும் பூசையை நாள்தோறும் அறிவித்து வந்தது நாகசுரத்தின் ஒலியே. யாரையும் விலக்கி வைக்க அறியாத வாத்தியம் அது.

அவ்வாத்தியத்தைக் கையில் ஏந்திய குடியினர் பெற்ற மதிப்போ அதற்கு ஒத்ததாக இல்லை. சுவாமிக்கு முன்னே நடந்து செல்லும் பேறு அவர்களுக்கு இருந்தது. சபையில் அமரும் உரிமை இருந்ததில்லை. அந்நிலையை மாற்றியவர்களுள் முதல்வராக வைத்து எண்ணத்தக்கவர் திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை அவர்கள். இரவு முழுதும் வாசித்தாலும் அடங்காத தோடி இராகத்தை ஓர் இசைத்தட்டின் இரு பக்கங்களில், இரண்டு பாகமாக, ஆறேழு நிமிடங்களுக்குள் அமைத்துத் தந்தவரும் அவரே. அவர் வரலாற்றை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

ஊரும் குடியும்

சோழநாட்டுக் காவிரித் தென்கரைத் தலங்களுள் ஒன்று திருமருகல். அரவு தீண்டி இறந்த வணிகன் ஒருவனை, அவனோடு உடன்வந்த பெண்ணின் அழுகைக்கு இரங்கித் திருஞானசம்பந்தர் பதிகம் பாடி எழுப்பிய பதி அது. பாட்டு உயிரை மீட்ட அவ்வூரில் 1898ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 27ஆம் நாள் பிள்ளையவர்கள் பிறந்தார்கள். தந்தையார் குப்புசாமிப் பிள்ளை, தாயார் கோவிந்தம்மாள். பெற்றோர் இட்ட பெயர் பாலசுப்பிரமணியம். இராசரத்தினம் என்பது பின்னர் வழங்கிய பெயர்.

குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்த அவரை, அம்மான் திருமருகல் நடேச பிள்ளை தம் மகவாக ஏற்று வளர்த்தார். நடேச பிள்ளை அக்காலத்து நாகசுர வித்துவான்களுள் பெரும் பெயர் படைத்தவர். திருவாவடுதுறை ஆதீனத்து நாகசுரக்காரராக விளங்கியவர். அவரும் நெடுநாள் இருந்திலர். இளமையிலேயே இருமுறை தந்தையற்றவராகிய சிறுவருக்கு ஆதீனத்தின் நிழலே ஆதரவாயிற்று.

திருவாவடுதுறை திருமூல நாயனார் தங்கியிருந்து திருமந்திரம் அருளிய தலம். தந்தையார் வேள்விக்குப் பொருள் வேண்டிய திருஞானசம்பந்தருக்கு இறைவன் உலவாக் கிழியாக ஆயிரம் பொன் ஈந்த தலம். அங்கு நமசிவாய மூர்த்திகளால் நிறுவப்பெற்ற ஆதீனம் தமிழையும் சைவத்தையும் மட்டுமன்றி இசையையும் போற்றி வளர்த்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாடஞ்சொல்லிய மடம் அது; உ. வே. சாமிநாதையர் கற்ற மடமும் அதுவே. நாகசுரத்தின் வாயில் பொருத்தும் சீவாளியைச் செய்வோர் அவ்வூரிலேயே வாழ்ந்தனர். காவிரிக்கரையில் விளையும் கொறுக்கைத் தட்டையை அறுத்து, உலர்த்திப் பதப்படுத்திச் செய்வது சீவாளி. அதற்கு அண்மையிலுள்ள நரசிங்கம்பேட்டையில் நாகசுரக் குழலைக் கடையும் ஆசாரிமார் வாழ்ந்தனர். பழைய வீடுகளிலிருந்து பெற்ற, பன்னெடுங்காலம் முதிர்ந்த ஆச்சா மரத்தைக் கடைந்தே அவர்கள் குழல் செய்வது வழக்கம். வாசிப்போரும் கேட்போரும் கருவி செய்வோரும் ஒருங்கே வாழ்ந்த அச்சூழல், சிறுவரின் பயிற்சிக்குத் தக்க பள்ளியாக அமைந்தது.

கல்வி

பிள்ளையவர்களின் இசைக்கல்வி குழலில் தொடங்கிற்றில்லை, மிடற்றில் தொடங்கிற்று. வயலின் மேதை திருக்கோடிகாவல் கிருஷ்ணையரிடம் அவர் வாய்ப்பாட்டுப் பயின்றார். பின்னர் அம்மாசத்திரம் கண்ணுசாமிப் பிள்ளையிடம் நாகசுரம் கற்றார். இவ்வரிசை சிறியதொரு செய்தியாகத் தோன்றலாம். அவருடைய கலை முழுமைக்கும் அதுவே வித்தாகும். நாகசுரத்தை விரலால் வாசிப்போர் உண்டு. நாவின் தத்துகாரத்தால் வாசிப்போர் உண்டு. பிள்ளையவர்கள் அதனைப் பாடுவது போல் வாசித்தார். மிடற்றில் தாம் நினைத்த அசைவு எதுவாயினும் அது குழலிலும் வரவேண்டும் என்பது அவர் கொண்ட உறுதி.

அவ்வுறுதிக்குக் கருவி இடந்தரவில்லை. அக்காலத்தில் பெருவழக்காயிருந்தது திமிரி நாகசுரம். நீளம் குறைந்தது, சுருதி மிகுந்தது, தொலைவிலுள்ளார் கேட்பதற்கு ஏற்றது. ஆயின் அதில் சுத்த மத்திமம் தானே அமைவதில்லை. வாசிப்பவர் உதட்டின் அழுத்தத்தாலும் மூச்சின் அளவாலும் அதனை வருவித்துக்கொள்ள வேண்டும். மேலும் அவ்வளவு உயர்ந்த சுருதியில் வாய்ப்பாட்டின் குழைவைக் கொணர்வதும் அரிது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி என்னும் கைவினைஞர் பிள்ளையவர்களின் வேண்டுகோளை உள்ளத்திற் கொண்டு, பலகால் முயன்று, குழலின் நீளத்தையும் துளைகளின் இடத்தையும் திருத்திச் சுத்த மத்திமம் செவ்வனே ஒலிக்கும் பாரி நாகசுரத்தைச் செய்து தந்தார். நீண்ட குழல், தாழ்ந்த சுருதி, ஆழ்ந்த நாதம். இன்று தமிழகமெங்கும் வழங்குவது அப்பாரி நாகசுரமே. நரசிங்கம்பேட்டை நாகசுரம் 2022ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது. வித்துவானின் செவியும் ஆசாரியின் கையும் கூடியதனால் விளைந்த பயன் அது.

தோடி

எட்டாம் மேளகர்த்தாவாகிய தோடி, வித்துவான்களின் உரைகல் எனப்படும் இராகம். அதன் காந்தாரம் ஓரிடத்தில் நில்லாது அசைவது. அவ்வசைவு சிறிது மிகினும் குறையினும் இராகம் தன் நிறத்தை இழக்கும். அதன் மத்திமம் சுத்த மத்திமம். ஆகவே பழைய குழலில் அதனைக் காப்பது இருமடங்கு அருமையாயிருந்தது. அத்தகைய இராகத்தையே பிள்ளையவர்கள் தம் உடைமை போலாக்கிக் கொண்டார்கள். நாகசுரம் என்றால் இராசரத்தினம், இராசரத்தினம் என்றால் தோடி என்று மக்கள் வழங்கலாயினர்.

திருவிழாக் காலத்து நாகசுர வாசிப்பின் முறையை அறிந்தோர்க்கு அவர் பெருமை இனிது விளங்கும். சுவாமி புறப்பாட்டின்போது முதலில் கம்பீரநாட்டையில் மல்லாரி. சுவாமி கோபுரவாயில் கடந்து வீதிக்கு வந்தபின் இராக ஆலாபனை தொடங்கும். கீழைவீதியில் எடுத்த இராகம் தெற்குவீதி திரும்பியும் முடிவதில்லை. நின்று வாசிப்பதும் நடந்து வாசிப்பதுமாக இரவு கழியும். வார்த்தையின்றித் தாளமுமின்றி ஓர் இராகத்தை அவ்வளவு நேரம் வளர்ப்பதற்குக் கற்பனை வற்றாதிருத்தல் வேண்டும். முன்பு வாசித்த பிடி மீண்டும் வாராமல், வந்தாலும் புதிதாய்த் தோன்றுமாறு, பிள்ளையவர்கள் மணிக்கணக்கில் தோடியை விரிப்பார்கள். உடன் தவில் வாசித்த பெரியோருள் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சிறந்தவர். அவ்விருவரும் கூடிய இரவுகளில் அயலூர் மக்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து வீதியிலேயே விடியுமளவும் அமர்ந்திருப்பர்.

வாய்ப்பாட்டு வித்துவான்களும் அவர்பால் கற்றனர். நாகசுரம் வாய்ப்பாட்டைப் பின்பற்றிய காலம் போய், வாய்ப்பாட்டு நாகசுரத்தைப் பின்பற்றும் காலம் வந்தது. ஜி. என். பாலசுப்பிரமணியம் அவர்களின் விரைந்த பிருகாக்களும் நீண்ட ஆலாபனையும் பிள்ளையவர்களின் வாசிப்பினால் ஊக்கம் பெற்றன என்பது இசையுலகு அறிந்த செய்தி.

இருபக்க இசைத்தட்டு

1902ஆம் ஆண்டில் கல்கத்தாவில் இசைப்பதிவு தொடங்கியது. 1908ஆம் ஆண்டு முதல் அந்நகரின் சியால்டாவில் இசைத்தட்டுகள் செய்யப்பட்டன. அரக்கும் கற்பொடியும் கலந்து அழுத்திய கருந்தட்டுகள் அவை. பத்து அங்குல விட்டம். நிமிடத்துக்கு 78 சுழற்சி. ஒரு பக்கத்தில் மூன்று அல்லது மூன்றரை நிமிட இசையே கொள்ளும். அதற்கு மேல் ஒரு மூச்சும் இடமில்லை.

இவ்வளவில் அடங்காத பாட்டை இரண்டாகப் பகுத்தனர். பல்லவியும் அனுபல்லவியும் ஒரு பக்கம், சரணம் மறுபக்கம். விருத்தம் ஒரு பக்கம். அதனைத் தொடரும் பாட்டு மறுபக்கம். தட்டின் நடுவிலுள்ள வட்டச் சீட்டில் முதற் பாகம், இரண்டாம் பாகம் என அச்சிட்டனர். வீட்டில் கேட்போர் முதற் பாகம் முடிந்ததும் முள்ளைத் தூக்கி, தட்டைத் திருப்பி, புது முள் பொருத்தி, விசையை முறுக்கிவிட்டுப் பின்னரே இரண்டாம் பாகத்தைக் கேட்டல் கூடும். சாகித்தியம் உள்ள பாட்டுக்கு இது பெருங்குறையன்று. பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையே இயல்பாகவே ஓர் ஓய்வு உண்டு. இராக ஆலாபனைக்கோ அத்தகைய மூட்டுவாய் இல்லை. அது ஓடும் ஆறு. அதனை எவ்விடத்தில் அறுப்பது?

நாகசுரத்துக்கு வேறோர் இடையூறும் இருந்தது. அது திறந்த வெளிக்கென அமைந்த கருவி. நான்கு வீதிக்கு ஒலிக்கும் நாதத்தை நான்கு சுவருக்குள், கருவியின் முன் அமர்ந்து வாசித்தல் வேண்டும். ஊரில்லை, திருவிழா இல்லை, முன்னே செல்லும் சுவாமி இல்லை, தலையசைக்கும் இரசிகர் இல்லை. இவை யாவும் இல்லாத இடத்திலிருந்து பிள்ளையவர்கள் தோடியை வாசித்தார்கள். அதுவே இரண்டு பாகமாக வெளிவந்த தோடி ஆலாபனைத் தட்டு.

அத்தட்டைக் கேட்போர் முதலில் வியப்பது அதில் அவசரம் இல்லாமையை. மூன்று நிமிடமே உண்டு என்று அறிந்தவர் வாசிப்பதாக அது தோன்றாது. நெடிய ஆலாபனையைக் கத்தரித்துச் சுருக்கியதன்று அது. சிறிய விதைக்குள் ஆலமரம் அடங்கியிருப்பது போல் இராகத்தின் முழு வடிவத்தையும் சிறிய அளவில் அமைத்தது. முதற் பக்கத்தின் முடிவில் இராகம் ஓரிடத்தில் அமைதி கொள்ளவும் வேண்டும். அவ்வமைதி முடிவாகிவிடாமல் மேலும் கேட்கும் வேட்கையை நிறுத்தி வைக்கவும் வேண்டும். மறுபக்கம் தொடங்குங்கால், விட்ட இழையைக் கேட்போர் உடனே பற்றிக்கொள்ளவும் வேண்டும். எழுதுவோர்க்கும் பேசுவோர்க்கும் அரிதாகிய இவ்வடக்கம், அடக்கத்துக்குப் பெயர் பெறாத ஒருவரிடமிருந்து வந்தது என்பது எண்ணத்தக்கது.

இங்கே பெரியபுராணத்து வரலாறு ஒன்று நினைவுக்கு வருகின்றது. திருத்தருமபுரத்தில் திருநீலகண்ட யாழ்ப்பாணரின் சுற்றத்தார், திருஞானசம்பந்தரின் பதிகங்கள் புகழ் பெறுவது யாழின் சிறப்பால் என்று பேசினர். அது கேட்டு நடுங்கிய பாணர், யாழில் அடங்காத பதிகம் ஒன்றை அருளுமாறு பிள்ளையாரை வேண்டினார். அவ்வாறே எழுந்த பதிகம் யாழில் அடங்கவில்லை. பாணர் யாழை முறிக்க ஓங்கினார். பிள்ளையார் அதனைத் தடுத்து, சிவபெருமான் திருப்புகழ் முழுதும் கருவியில் அடங்குவதன்று என்றும், அடங்கிய அளவில் வாசித்து வருதலே தக்கது என்றும் அருளி, யாழை மீளக் கொடுத்தார்.

அத்திருவாக்கின் கருத்து எக்காலத்துக்கும் உரியது. பேரிசை யாழில் அடங்குவதில்லை; நாகசுரத்தில் அடங்குவதில்லை; அரக்குத் தட்டில் அடங்குவதேயில்லை. ஆயினும் அடங்கவில்லை என்று கருவியை முறித்தல் வழியன்று. அடங்கிய அளவைச் செம்மையாகத் தருவதே கலைஞன் கடன். இரவு முழுதும் வாசிக்க வல்லவர் ஆறேழு நிமிடத்துக்கு உடன்பட்டது தம்மைக் குறைத்துக் கொண்டதாகாது. அதனாலன்றோ திருவாவடுதுறையைக் கண்டறியாதாரும், கடல் கடந்து வாழ்ந்த தமிழரும் தத்தம் இல்லத்திலிருந்தே அவர் தோடியைக் கேட்டனர்!

பொற்பலகை

பிள்ளையவர்களின் வாழ்வில் மற்றொரு போராட்டமும் உண்டு. அக்காலத்து நாகசுரக்காரர் செல்வர் முன்னிலையில் மேலாடையை இடுப்பிற் கட்டி நிற்றல் வேண்டும். வாய்ப்பாட்டு வித்துவானுக்கு மேடையும் கம்பளமும் உண்டு. நாகசுரக்காரருக்குத் திண்ணையோ தெருவோதான். ஊர்வலத்தில் கல்லிலும் முள்ளிலும் நடந்து வாசித்தவருக்கு அமர்ந்து வாசிக்க ஒரு பலகை கிடைப்பதும் அரிது.

பிள்ளையவர்கள் இதற்கு இசைந்திலர். குடுமியை நீக்கிக் கிராப்பு வைத்துக் கொண்டார். காதில் கடுக்கன் மின்ன, சில சமயம் செர்வானியும் அணிந்து சபைக்கு வந்தார். பிற வித்துவான்களுக்கு உரிய மேடை தமக்கும் வேண்டும் என்று கேட்டு, அமர்ந்து கச்சேரி செய்தார். இதனை ஆடம்பரம் என்று இகழ்ந்தோர் பலர். அவர்கள் கூற்றில் ஓரளவு உண்மை இல்லாமலும் இல்லை. ஆயின் அவர் கேட்டது தமக்கு மட்டுமாக முடிந்ததா என்பதே நோக்கத்தக்கது. அவர் ஏறிய மேடையில் பின்னர் நாகசுரக்காரர் அனைவரும் ஏறினர். அவர் அணிந்த சட்டையின் பயனைப் பிறரும் பெற்றனர்.

அவர் கேட்டது சைவத்துக்குப் புதியதும் அன்று. மதுரைத் திருவாலவாயில் புறத்தே நின்று யாழ் வாசித்த பாணரை உள்ளே அழைத்துவர அடியார்களுக்குக் கனவில் ஆணையிட்டவன் இறைவன். ஈரத்தரையில் யாழின் கட்டுக் கெடும் என்று கூறிப் பொற்பலகை இடுவித்தவனும் அவனே. திருவாரூரில் பாணர் புகுதற்கு வடதிசையில் வேறொரு வாயிலையும் அவனே வகுத்தான். இசைவாணனுக்கு ஆசனம் இடவேண்டும் என்பது இறைவன் தானே காட்டிய நெறி. அதனை ஓதி உருகிய மக்கள் தம் வீதியில் வாசித்தவரை நிற்க வைத்தது நெறிக்கு முரண். ஆசனம் கேட்டவரின் குரலில் கடுமை இருந்திருக்கலாம். கேளாமலே இட்டிருக்க வேண்டிய ஆசனம் அது என்பதையும் நாம் மறத்தல் கூடாது.

குணமும் குறையும்

பெரியோர் வரலாற்றை எழுதுங்கால் குறைகளை மறைத்தல் ஒரு வழக்கம். பிள்ளையவர்கள் வரலாற்றில் அது பொருந்தாது. அவரை அறிந்தோர் யாவரும் அவற்றையும் அறிவர். குறித்த நேரத்துக்கு வாராமையும், சில போது வாராமலே இருந்துவிடுதலும் அவரிடம் இருந்தன. சினம் விரைவில் வரும். பொருள் வந்த வழியே போகும். தம்மினும் மேம்பட்ட நாகசுரக்காரர் இலர் என்பதை அவர் மறைத்ததும் இல்லை. விழா நடத்தியோர் பட்ட துன்பம் சிறிதன்று. ஆயினும் அவர் வந்து சீவாளியை வாயில் வைத்து ஒரு பிடி வாசித்தவுடன், காத்திருந்தோர் கோபம் முழுதும் கரைந்துவிடும். அடுத்த ஆண்டும் அவர்களே அவரை அழைக்கச் செல்வர்.

தாம் பாடகராகவும் நடிகராகவும் விளங்கவேண்டும் என்ற விருப்பும் அவருக்கு இருந்தது. 1940ஆம் ஆண்டு எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் வெளிவந்த காளமேகம் என்னும் திரைப்படத்தில் கவி காளமேகமாக அவர் நடித்தார். திரையுலகில் அவர் நிலைக்கவில்லை. அவருக்கென்று அமைந்த துறை நாகசுரம் ஒன்றே.

1947ஆம் ஆண்டு பாரதம் விடுதலை பெற்றபோது திருவாவடுதுறை ஆதீனத்தார் ஒரு செங்கோலைத் தில்லிக்கு அனுப்பினர். தம்பிரானும் ஓதுவாரும் சென்ற அக்குழுவில் ஆதீன வித்துவானாகிய பிள்ளையவர்களும் இருந்தார்கள். ஆகஸ்டு 14ஆம் நாள் சவாகர்லால் நேரு அவர்களிடம் அது வழங்கப்பெற்ற நிகழ்ச்சியில் மங்கல இசையாக ஒலித்தது சோழநாட்டு நாகசுரம். அச்செங்கோல் பின்னர் அலகாபாத் அருங்காட்சியகத்தில் பல்லாண்டுகள் இருந்து, 2023ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் நிறுவப்பெற்றது.

மறைவும் எச்சமும்

1956ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12ஆம் நாள், ஐம்பத்தெட்டாம் வயதில், பிள்ளையவர்கள் சென்னையில் இறைவன் திருவடி அடைந்தார்கள். மக்கட்பேறு இல்லை. ஈட்டிய பெரும்பொருளும் எஞ்சி நிற்கவில்லை. எஞ்சியவை இரண்டு. ஒன்று, மாணாக்கர் வழி. அவர்களுள் தலைசிறந்தவர் காருகுறிச்சி அருணாசலம். 1962ஆம் ஆண்டு வெளிவந்த கொஞ்சும் சலங்கை என்னும் திரைப்படத்தால் நாகசுர ஒலியைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டு சென்ற அவரும் 1964ஆம் ஆண்டில் நாற்பத்து மூன்றாம் வயதளவில் மறைந்தார். மற்றொன்று, இசைத்தட்டு.

திருமருகலில் பாட்டு ஒன்று இறந்தவனை எழுப்பியது. அது பிள்ளையாரின் திருவருட் செயல். அதனோடு எதனையும் ஒப்பிடுதல் தகாது. ஆயினும் அவ்வூரில் பிறந்தவர் ஒருவரின் மூச்சு, அவர் மறைந்து பல்லாண்டுகள் ஆகியும் அரக்குத் தட்டிலிருந்து எழுந்து நம் செவியில் உயிரோடு நிற்பதைக் கேட்குங்கால், உள்ளம் ஒரு கணம் திருமருகலை நினையாதிருப்பதில்லை. இரு பாகத் தட்டுகள் வழக்கொழிந்தன. அவற்றைச் சுழற்றிய பெட்டிகளும் மறைந்தன. அந்த நாதம் வேறு வேறு கருவிகளுக்கு மாறி இன்றும் ஒலித்துக் கொண்டிருக்கின்றது. இக்காலத்தில் அதன் இரு பாகங்களையும் இடையில் நிறுத்தாமல் இணைத்துக் கேட்கின்றோம்.

இவ்விடத்தில் அன்பர்கள் சிந்திக்க வேண்டுவதொன்று உண்டு. பதிவு செய்த இசை எளிதிற் கிடைப்பதனால், பல திருக்கோயில்களில் கால பூசைக்கு நாகசுரக்காரரை வைத்துப் போற்றும் வழக்கம் தளர்ந்து வருகின்றது. மின்விசையால் தானே அடிக்கும் முரசும் மணியும் தவிலுக்கு மாற்றாக வந்துவிட்டன. திருவிழா நாளில் ஒலிபெருக்கியில் மறைந்த வித்துவானின் தோடி முழங்குகின்றது. அதே வீதியில் வாழும் நாகசுரக்காரர் தம் மகனை வேறு தொழிலுக்கு அனுப்புகின்றார். பிள்ளையவர்களின் இசைத்தட்டைக் கேட்டு மகிழ்வது நன்று. அதனைக் கொண்டு உயிருள்ள கலைஞரின் இடத்தை நிரப்புவது அவர் வேண்டிய ஆசனத்தை அவர் குடியினரிடமிருந்து மீளப் பறிப்பதாகும். தட்டில் உள்ளது அடங்கிய அளவு மட்டுமே. அடங்காத பகுதி மனிதனின் மூச்சிலும் பல்லாண்டுப் பயிற்சியிலும் சுவாமி புறப்பாட்டின் இரவிலுமே உள்ளது.

கும்பத்து நீர் விமானத்தின் மேல் சொரியும் கணத்தில் மேளவாத்தியம் ஓங்கி முழங்குவதை அனைவரும் கேட்கின்றோம். அவ்வொலி அன்றோடு அடங்கிவிடாமல், திருப்பள்ளியெழுச்சி முதல் அர்த்தசாமம் வரை நாள்தோறும் இத்திருக்கோயிலில் ஒலித்தல் வேண்டும். வாசிப்பவருக்குத் தக்க ஊதியமும், அமர்தற்கு நல்ல ஆசனமும், கற்கும் சிறுவருக்கு ஆதரவும் அமைதல் வேண்டும். யாழ்ப்பாணருக்குப் பொற்பலகை இட்ட பெருமான் நாம் இடும் மரப்பலகையையும் உவந்து ஏற்பான். அதன்மேல் அமர்ந்து ஒரு சிறுவன் முதன்முதலாகச் சீவாளியை நனைத்து வாயில் வைக்கும் நாளில், தோடியின் மூன்றாம் பாகம் தொடங்கும்.

திருச்சிற்றம்பலம்.